பாறைக்கா இந்தக் கொண்டாட்டம்?

கேள்வி: செவ்வாயில் ஊரும் வண்டி பாறையைப் படமெடுத்தால் ஊரே கொண்டாடுகிறதே! எங்கள் கோட்டையில் இல்லாத பாறையா? (செஞ்சி வாசகர்)

பதில்: உங்கள் கோட்டையின் ராஜகிரி மலைக்கு ஏறிப்போகக் கால் இருக்கிறது, அங்கே வண்டிதான் நமக்குக் கால். 90 நாள் உழைத்தால் போதுமென்று அனுப்பிய செவ்வாய் வண்டி ஆப்பர்சூனிட்டி, 14 ஆண்டுக்கு மேல் உழைத்து 45 கிலோமீட்டர் உருண்டது. நம் சந்திரயான்-3இன் பிரக்யான் வண்டி ஓடியது நிலவில். 2023 ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் தெரிய, பூமியிலிருந்து போன கட்டளைப்படி வந்த வழியே திரும்பியது. அந்தத் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் உங்கள் விழுப்புரத்துக்காரர். நிலவு ஒத்திகைக்கான மண்ணோ நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்தது. இதெல்லாம் வீண்செலவு என்பவர்களுக்கு: சந்திரயான்-3க்குச் சுமார் 615 கோடி ரூபாய். தலைக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. அதற்குத்தான் நிலவின் தென்துருவத்தருகே கந்தகம் இருப்பதை அங்கேயே நின்று சோதித்துச் சொன்னது அந்த 26 கிலோ வண்டி.