பூனைக்குப் பாலிசி எடுக்கும் மாமா

அடையாறில் மாலையில் நடப்பவர்கள் இரண்டு வகை. சர்க்கரைக்காக நடப்பவர்கள், நாய்க்காக நடப்பவர்கள். இரண்டிலும் சேராத ஒருவர் காந்தி நகர் அடுக்குமாடி ஒன்றின் பால்கனியில், கொசுவலைக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் கிடக்கும் வெள்ளை மூட்டையைச் சீப்பால் வாரிக்கொண்டிருப்பார். அவர்தான் பெர்ஷியன் மாமா. கஸ்தூர்பா நகரில் அவருக்கு ஒரு தம்பி உண்டு. சாஸ்திரி நகரில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் உண்டு. ரத்த உறவு இல்லை, ரோம உறவு.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கறுப்புப் பேன்ட் போடுவதை நிறுத்தியிருப்பார். காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "பூனையா வளர்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், "பூனை இல்லை, பெர்ஷியன்" என்பார்.

பெர்ஷியனை அவர் வாங்கவில்லை. சோழிங்கநல்லூரில் வேலை பார்த்த மகள் வாங்கினாள். விசா வந்ததும், "ரெண்டே மாசம் வெச்சுக்கோப்பா, செட்டில் ஆனதும் அழைச்சுக்கறேன்" என்று கூடையோடு இறக்கிவிட்டுப் போனாள். அவள் நியூஜெர்சியில் செட்டில் ஆகிவிட்டாள், பூனை அடையாறில் செட்டில் ஆகிவிட்டது. பேரனுக்கென்று ஒழித்து வைத்த அறையில் இப்போது அதற்காக ஏ.சி. ஓடுகிறது. பெயர் சிம்பா. க்ளினிக்கில் கம்பவுண்டர் பையன் "சிம்பா அப்பா வாங்க!" என்று கூப்பிட்டால், சீனியர் டிவிஷனல் மேனேஜராக ரிட்டயர் ஆன மனிதர் சட்டென்று எழுந்து போவார்.

இந்த ஜாதிப் பூனைச் சந்தைக்குத் தனிப் பாஷை. டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று மூன்று தரம். பொம்மை முகம் என்றால் மூக்கு கொஞ்சம் வெளியே தெரியும். பஞ்ச் என்றால் யாரோ ஓங்கிக் குத்திய மாதிரி மூக்கு கண்ணுக்கு நடுவில் புதைந்திருக்கும். மூக்கு உள்ளே போகப் போக விலை மேலே போகும். பெண் பார்க்கப் போனால் நாம் மூக்கும் முழியும் பார்ப்போம். இங்கே முழி மட்டும் போதும், மூக்கு இருந்தால் விலை குறைவு. சிம்பா செமி பஞ்ச். அதனால் மூச்சு விடும்போது சன்னமாக ஒரு குறட்டை, கண்ணில் ஓயாத நீர். காலையில் சந்தியாவந்தனம் முடித்த கையோடு மாமா பஞ்சை வெந்நீரில் நனைத்து அதன் கண்ணைத் துடைப்பார்.

பாரசீகத்துப் பூனை என்பதில் மாமாவுக்குப் பெருமை. நீள்முடிப் பூனைகளைப் பாரசீகத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்குக் கொண்டு போனவர் பியத்ரோ தெல்லா வாலே என்ற பயணி என்பார்கள். மரபணுவைப் பார்த்தவர்களோ, இன்றைய பெர்ஷியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்கிறார்கள். சிம்பா பிறந்தது பெரம்பூரில்.

முட்டைகூட ஏறாத வீடு அது. பூனையோ மாமிசம் இல்லாமல் பிழைக்காது. டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். தயிர் சாதத்தில் அது வராது. டாக்டர் இதைச் சொன்னதும் மாமி ஒரு சமரசத்துக்கு வந்தாள். 'ஓஷன் ஃபிஷ்' என்று அச்சடித்த பை பால்கனி அலமாரியில் இருக்கும். படம் போட்ட பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும். வேலைக்கு வரும் அம்மாதான் அளந்து போடுவாள். வீட்டில் அதற்குப் பெயர் 'சிம்பா மாத்திரை'.

கதை சூடு பிடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில்.

"அப்பா, சிம்பாக்கு பெட் இன்சூரன்ஸ் எடுத்தாச்சா? இங்க எல்லாரும் எடுக்கறா. இல்லேன்னா வெல்னெஸ் பிளானாவது எடுப்பா."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். காரணம் உண்டு. அவர் வேலை பார்த்தது பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், அதிலும் பல வருஷம் கால்நடைக் காப்பீட்டில். கறவை மாட்டுக்கு பாலிசி போட்டால் காதில் ஒரு வில்லை மாட்டுவார்கள். மாடு செத்துப் பணம் கேட்டு வந்தால் வில்லையைக் கொண்டு வர வேண்டும். வில்லை இல்லையேல் க்ளெய்ம் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் செத்த மாட்டின் பக்கத்தில் உடையவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். மாமா போய் நின்று, "காது எங்கேப்பா?" என்பார்.

"மாடு பால் கொடுக்கும், அதுக்குக் காப்பீடு. பூனை பால் குடிக்கும், அதுக்குமா?" என்று மகளைக் கேட்டார். கேட்டாரே தவிர, அன்று ராத்திரியே மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து விஷயத்தைத் துருவிவிட்டார். மறுநாள் காலை பால் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சரித்திரம் கிடைத்தது. பிராணிகளுக்கான காப்பீடு 1890-இல் சுவீடனில் குதிரைக்கும் மாட்டுக்கும் தொடங்கியது. 1924-இல் அதே ஊரில் நாய்க்கு வந்தது. அமெரிக்காவில் 1982-இல் முதல் பாலிசி டி.வி. நாய் லாஸிக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் பஜாஜ் அலையன்ஸ் 2020-இல் நாய்க்குப் பாலிசி கொண்டுவந்து, பிற்பாடு பூனையையும் சேர்த்துக்கொண்டது. "நாய்க்கு அப்புறம்தான் பூனைக்கு" என்று இதை மட்டும் மாமா கொஞ்சம் வருத்தத்தோடு சொல்வார்.

ஏஜென்ட் தம்பி வந்தான். மாமா அவனைத் தன் பழைய ஆபீஸுக்கு வந்த மனுதாரரைப் போல எதிரே உட்காரவைத்தார். ஆனால் இந்தத் தடவை கேள்வி கேட்டது அவன்.

"பெட் பேரு சார்?"

"சிம்பா."

"பெடிக்ரி பேப்பர் இருக்கா சார்?"

"மூஞ்சியைப் பாருங்கோ, தெரியலையா?"

"பிறந்த தேதி?"

"பொண்ணு புரமோஷன் வாங்கின வருஷம்."

"அடையாளக் குறி எதாவது?"

"வெள்ளை."

"வேற சார்?"

"நல்ல வெள்ளை."

தம்பி பேனாவை மூடினான். "மைக்ரோசிப் போட்டுட்டா நல்லது சார். அரிசி அளவுதான், தோலுக்கு அடியில போயிடும். 15 இலக்க நம்பர்."

மாமா முகத்தில் வெளிச்சம். "மாட்டு வில்லைக்கு 12 இலக்கம்தான்!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

தம்பி விட்டுப்போன பாலிசி வாசகத்தை அன்று மாலை மாமா சிவப்பு மையோடு படித்தார். முதல் பக்கத்தில் படம், இரண்டாம் பக்கத்தில் வாக்குறுதி. அனுபவஸ்தர் என்பதால் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். ஏற்கெனவே இருக்கும் நோய் சேராது. முதல் சில வாரங்கள் காத்திருப்பு. தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, முடி வெட்டல் சேராது. தடுப்பூசி போட்டிருந்தால் வந்திருக்காத நோய், போடாமல் வந்தால் சேராது. பரம்பரை நோய் சேராது. முதலில் கைக்காசைக் கட்டு, பில்லை அனுப்பு, பிறகு பார்க்கலாம்.

அந்தப் பரம்பரை நோய் என்ற வரியில் சிவப்பு மை நின்றது. பெர்ஷியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஸ்கேன் செய்து பார்த்தபோது பெர்ஷியன்களில் ஏறக்குறையப் பாதிக்கு அது இருந்தது. எந்த மரபணுவில் கோளாறு என்று 2004-இல் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே போதும், குட்டிகளில் பாதிக்கு வரலாம். வெளியே தெரிவது பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டி. அதுவரை பூனை ஏ.சி.யில் நிம்மதியாகத் தூங்கும்.

பாலிசி எதற்குப் பணம் தரும்? விபத்து, திருட்டு, காணாமல் போதல், சிலதில் மூன்றாம் நபருக்கு விளைவித்த சேதம். சிம்பா வாசற்படி தாண்டியதில்லை. சேதம் விளைவித்தது சோபாவுக்கு மட்டும், சோபா மூன்றாம் நபர் ஆகாது. "பெர்ஷியனுக்கு எது வருமோ அது பாலிசியில வராது. பாலிசியில எது வருமோ அது கொசுவலைக்குள்ள இருக்கற பூனைக்கு வராது" என்று மாமா தீர்ப்பு எழுதினார். ராத்திரி பத்து மணிக்குள் சிம்பாவின் எதிர்கால க்ளெய்ம்கள் அத்தனையையும் அவரே ஒவ்வொன்றாக நிராகரித்துவிட்டார். வாங்காத பாலிசியில் கேட்காத க்ளெய்மைத் தள்ளுபடி செய்த திருப்தியோடு தூங்கப் போனார்.

அடுத்தது வெல்னெஸ் பிளான். சிம்பாவைக் கூடையில் வைத்து ஆட்டோ பிடித்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "பூனை குறுக்க போனா சகுனம் ஆகாதும்பாங்க. உள்ளயே உக்காந்து வந்தா என்ன சார் பலன்?" என்றார்.

"என்ன பலன்?"

"மீட்டருக்கு மேல 50 ரூபா."

க்ளினிக்கில் ரிசப்ஷன் பெண் வண்ணத் தாளை நீட்டினாள். வருஷத்துக்கு ஒரு தொகை. அதில் மூன்று வைரஸுக்கான கூட்டுத் தடுப்பூசி, வெறிநாய்க்கடி ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு குடற்புழு மருந்து, வருஷத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, நகம் வெட்டல், இரண்டு குளியல். மாமா பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொன்றின் தனி விலையையும் கேட்டுக் கூட்டினார். மொத்தத்தில் ஒரு குளியல்தான் லாபம்.

"இது இன்சூரன்ஸே இல்லையே. நகைக்கடைச் சீட்டுன்னா? 11 மாசம் நாம கட்டினா, 12-ஆவது மாசம் அவன் கட்டறான். ஆனா நகையை அவன் கடையிலதான் வாங்கணும்" என்றார்.

காத்திருந்தவர்கள் நடுவில் உடனே பட்டிமன்றம் மூண்டது. இன்சூரன்ஸ் அணியின் பேச்சாளர் சாஸ்திரி நகர் அண்ணன். அவருடைய ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆண் பூனைகளுக்கு இது சகஜம், ஒரு நாள் கவனிக்காமல் விட்டாலும் உயிருக்கு ஆபத்து. குழாய் போட்டு மூன்று நாள் பெட்டில் வைத்தார்கள். பில் வந்ததும் அண்ணன் கம்பீரமாக வெல்னெஸ் அட்டையை நீட்டியிருக்கிறார். "சார், இது பிளான்ல வராது. நகம் வெட்டறது வரும், வெட்டிடட்டுமா?" என்றார்களாம்.

வெல்னெஸ் அணிக்குக் கஸ்தூர்பா நகர் தம்பி. "நான் மூணு வருஷமா பிரீமியம் கட்டறேன். அது தும்மக்கூட மாட்டேங்குது சார்!" பூனை ஆரோக்கியமாக இருப்பதில் இவ்வளவு மனத்தாங்கல் கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து டாக்டர் வெளியே வந்தார். "மாமா, ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாமா?" என்றார். ஸ்கேனுக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. சிறுநீரகம் இரண்டும் சுத்தம், கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. மாமா நாற்காலியில் சாய்ந்து, அந்தப் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பெரிசா எதாவதுன்னா வேப்பேரிக்குப் போயிடுங்கோ" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அது. அங்கே பெர்ஷியனும் நாட்டுப் பூனையும் ஒரே வரிசை, கட்டணமும் சொற்பம். மாமா கொஞ்சம் முகம் சுளித்தார். "நானும் அங்கே படிச்சவன்தான் மாமா" என்றார் டாக்டர்.

அடையாறுக்கு இதில் பழைய பாத்தியதை உண்டு. தியசாபிகல் சொசைட்டி தோப்புக்குள் அன்னி பெசன்ட் பெயரில் பிராணிகளுக்கு ஒரு மருத்துவமனை இருக்கிறது. பிராணிவதைத் தடுப்புக்காக மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி. 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அவர் ஜாதிப் பூனை, தெருப் பூனை என்று பிரித்ததாகத் தெரியவில்லை. அதைப் பிரிப்பது பிரீமியம்தான்.

கடைசியில் முடிவெடுத்தது மாமி. கஸ்தூர்பா நகர் தபால் ஆபீஸில் ஐந்து வருஷ ஆர்.டி. ஒன்று போட்டாள். மாமா கூடவே போய், நாமினி இடத்தில் சிம்பா பெயரைப் போட முடியுமா என்று விசாரித்தார். கவுன்ட்டரில் இருந்தவர் வயதைக் கேட்டார், உறவைக் கேட்டார். உறவைச் சொன்னதும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

மாமாவிடம் யோசனை கேட்டு இப்போது ஆட்கள் வருகிறார்கள். அவர் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். வெல்னெஸ் பிளான் தெரிந்த செலவுக்கு. தனித்தனியாகக் கூட்டிப் பார்த்து, மிச்சம் இருந்தால் மட்டும் சேருங்கள். இன்சூரன்ஸ் தெரியாத செலவுக்கு. எடுப்பதானால் குட்டியாக, நோயில்லாமல் இருக்கும்போதே எடுங்கள், கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். இரண்டும் வேண்டாமென்றால் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள், அதைத் தொடாதீர்கள். எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். பெர்ஷியன்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள், குட்டியின் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் தாய் தகப்பனின் சிறுநீரக ஸ்கேனைக் கேளுங்கள். இல்லை என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்குப் பிரீமியம் கிடையாது.