ஊம் கொட்ட ஓர் ஆள்

கதை சொல்ல உட்காருமுன் ஆச்சி முதலில் தேடுவது ஊம் கொட்ட ஓர் ஆளை. "ஏலே, நீ ஊம் போடு. நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்" என்பாள். சொன்னபடியே நிறுத்தியும் விடுவாள்.

ஆடிப் பட்டத்துக்கு முன்னால் எங்கள் கரிசல் ஊரில் வீட்டுக்கு வீடு விதைக்கடலை உடைப்பார்கள். எந்திரத்தில் உடைத்தால் பருப்பின் தோல் உரிந்து முளைப்பு கெடும் என்பதால் விதைக்கு மட்டும் கைதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அக்கம்பக்கத்தாரும் பிள்ளைகளுமாக மூடையைச் சுற்றி உட்காருவோம். விரல்நுனி காந்தும், கண் சொக்கும். அப்போதுதான் ஆச்சி கதையை எடுப்பாள்.

அவள் கதை நேர்வழியில் போனதே கிடையாது. ராஜகுமாரன் காட்டுக்குள் நுழைவான். "கட்டுச்சோறு என்ன ஆச்சி?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். கம்மஞ்சோறும் கானத் துவையலும் என்பாள். துவையலுக்கு எத்தனை மிளகாய் என்று மதினி வழக்குப் பிடிப்பாள். மிளகாய் விலையிலிருந்து ஆச்சி மழை பொய்த்த வருஷத்துக்குப் போய், அந்த வருஷம் தாத்தா உழவு மாட்டை விற்றுவிட்டு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டதைச் சொல்வாள். ராஜகுமாரன் பாவம், காட்டிலேயே நிற்பான். புலி மறுநாள் இரவுதான் வரும். யாரும் அவசரப்படுத்தியதில்லை. தாத்தாவின் அந்த ராத்திரியை எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. கதை வழிதவறிய இடத்தில்தான் அது எனக்குக் கிடைத்தது.

கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இப்படிப்பட்ட வாய்களுக்குப் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்துதான் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். பெரிய படிப்பு இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2021 மே மாதம் அவர் மறைந்தார். குரல் செய்தியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கும் வசதியை வாட்ஸ்ஆப் கொண்டுவந்ததும் அதே வருஷம்தான்.

என் அம்மா அனுப்பும் குரல் செய்திகளை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேகத்தில்தான் கேட்கிறார்கள். சேதி காதில் விழுந்துவிடுகிறது. சொல்ல வந்ததை அவள் ஒரு நொடி விழுங்கிக்கொள்ளும் இடமும், சிரிப்பை அடக்கும் இடமும் விழுவதில்லை. நேரில் பேச்செடுத்தால், "விஷயத்துக்கு வாங்க பாட்டி" என்கிறார்கள். அவளும் பழகிவிட்டாள். சாப்பிட்டாச்சா, உடம்பு நல்லாருக்கா என்ற இரண்டு கேள்வியோடு முடித்துக்கொள்கிறாள்.

இப்போது எங்கள் வீட்டில் விரல் காந்த யாரும் கடலை உடைக்க வேண்டியதில்லை என்பது நல்லதே. அந்தப் பாடு போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சொல்ல ஆள் இருந்தும் கேட்க ஆள் இல்லாமல் போனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் வயதான ஒருவர் இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை உள்ளே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் கல்யாணத்தன்று என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். பேச்சு எங்கே போனாலும் போகட்டும், இடையில் மறிக்காமல் ஊம் கொட்டுங்கள்.