ஈரக் கணக்கு
கீழ் கோத்தகிரிப் பிள்ளைகளுக்குச் சதவீதம் கற்பிக்க வட்டிக்கடைக்காரர் எதற்கு? அப்பா பறித்துக் கட்டிய 40 கிலோ பச்சைத் தேயிலை போதும். மழை நாள், ஈரத்துக்கு 10 சதவீதம் பிடித்தம் என்று வையுங்கள், கொள்முதல் சீட்டில் 36 கிலோ. தூளானால் ஏறக்குறைய நாலில் ஒன்று, 9 கிலோ. பச்சை இலைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, தூளுக்கு 5 சதவீதம். ஆக, கிலோ 200 ரூபாய்த் தூளை அதே அப்பா கடையில் 210 கொடுத்து வாங்குகிறார். அந்த 210-இல் 5 சதவீதத்தைக் கழித்தால் 200 வராது, 199.50தான் வரும், 1.05-ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. அப்பா தடுமாறுவதில்லை, எப்படி வகுத்தாலும் குறைவது தன் பக்கம்தான் என்பது அவருக்கு மனப்பாடம். வெயிலில் இலை வாடி எடை குறைந்த நாளுக்கு எத்தனை சதவீதம் கூட்டித் தருவது என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து எந்தத் தேர்விலும் கேட்டுவிடாதீர்கள்.