இல்லை என்றால் இருக்கலாம்

சிவாஜிநகருக்குப் பரிசோதனை புதிதல்ல. பிளாக்பள்ளி என்று பெயர் இருந்த காலத்திலேயே, 1898-இல் பிளேக் ரயிலேறி பெங்களூருக்கு வந்தபோது, பயணிகளை நிறுத்திச் சோதித்தார்கள். பிளேக்குக்காக 1897-இல் பிறந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இல் கொரோனாவுக்கும் தூசு தட்டி எடுத்தோம். சட்டம் பழசு, கருவிகள்தாம் புதுசு.

முதலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானித் துப்பாக்கி. ரஸ்ஸல் மார்க்கெட் வெயிலில் வேர்த்து வந்தவருக்கும் அது தொண்ணூற்று நான்கு காட்டும். நியாயப்படி அவரைக் கம்பளி போர்த்திப் படுக்கவைக்க வேண்டும். "சரி, போங்க" என்று விட்டார்கள். பாராசிட்டமால் விழுங்கியவர் அவருக்கும் முன்னால் கம்பீரமாக நுழைந்தார்.

அடுத்து, விரைவு ஆன்டிபாடி கிட். இரண்டு சீன நிறுவனங்களின் கிட்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னதால், 2020 ஏப்ரல் 27 அன்று அவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். விரைவாக வந்தது, விரைவாகவே போனது, பெயருக்குப் பங்கமில்லை.

ஜூனில் ஆன்டிஜென் சோதனைக்கு அனுமதி. மூக்கில் குச்சி, அரைமணியில் விடை. 'இருக்கிறது' என்றால் இருக்கிறது. 'இல்லை' என்று வந்தாலும், காய்ச்சல் இருமல் உள்ளவர் மறுபடி ஆர்டி-பிசிஆர் சோதனை எடுக்க வேண்டியிருந்தது. பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்கிற மாப்பிள்ளை வீட்டார் பேச்சுதான்.

ஆனாலும் பெருங்கூட்டத்தை வேகமாகச் சலிக்க அதைவிட மலிவான வழி அன்று கையில் இல்லை. குச்சியைக் குறை சொல்லாதீர்கள். 'இல்லை' என்ற சீட்டு கிடைத்ததும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினோமே, நம்மைச் சொல்லுங்கள்.