மலைக்கோட்டையைச் சைக்கிளில் சுற்றுவோர் வலம் வருவதா, இடம் வருவதா?

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் மேலே ஏறிவிட்டுத்தான் எழுதினார்கள். முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் கட்டியது, திருமலை நாயக்கர் வலுப்படுத்தியது, 1755இல் ஹைதர் அலி வந்து உட்கார்ந்தது, எல்லாமே உச்சியிலிருந்து பார்த்த வரலாறு. கீழே மலையடியில் ஒரு சைக்கிள்காரன் அதை ஒரு சுற்றுச் சுற்ற நினைத்தால் எந்தப் பக்கமாகக் கிளம்ப வேண்டும் என்ற கேள்வியை ஒருவரும் தொடவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்கவே இவ்வாய்வு. இதற்கு நிதியுதவி செய்தது இவ்வாய்வாளரின் சட்டைப்பை மட்டுமே.

முதலில் ஆய்வு எல்லை. மலையின் சுற்றளவு 2.75 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். 28 அங்குலச் சக்கரம் ஒரு முறை உருண்டால் சுமார் 2.23 மீட்டர் நகரும். ஆகவே முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 1,230 உருளல். இது ஏட்டுக் கணக்கு. பாறையின் ஓரத்தை ஒட்டி ஓட்டப் பாறை சம்மதிக்காது. தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெருவுக்கு டீக்கடை உண்டு, டீக்கடைக்குத் தெரிந்தவர் உண்டு. எனவே நடைமுறைச் சுற்றளவு ஆளுக்கு ஆள் மாறும் என்று கொள்க.

ஒப்பாய்வு இல்லாத கட்டுரையை யாரும் மதிப்பதில்லை என்பதால் ஜெர்மனிக்குப் போவோம். பவேரியாவில் நோர்ட்லிங்கன் என்று ஒரு பழைய ஊர். ஊரைச் சுற்றி மதில் இன்னும் முழுசாக நிற்கிறது. அதன் நீளம் 2.7 கிலோமீட்டர். நமக்கு 2.75. ஐம்பது மீட்டர் வித்தியாசத்தில் இரண்டு ஊரும் உடன்பிறப்பு என்று அறிவிக்க இவ்வாய்வாளருக்குக் கை துடிக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு: அவர்கள் மதிலுக்குள்ளே ஊரை வைத்தார்கள், நாம் பாறையை நடுவில் வைத்து ஊரை வெளியே வைத்தோம். அவர்கள் ஊர் இருப்பது சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்தில். நம் ஊர் இருப்பது திண்டு போன்ற கல்லின் அடியில். கல்லால் உண்டான ஊர்கள் இரண்டும்.

அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1440இல் எதிரியிடம் லஞ்சம் வாங்கிய காவலாளிகள் இரவில் கோட்டை வாசல் கதவைப் பூட்டாமல் விட்டார்களாம். பன்றி ஒன்று கதவில் உடம்பைத் தேய்க்க, கதவு அசைந்ததைப் பார்த்த ஒரு பெண் கத்தி ஊரைக் காப்பாற்றினாளாம். அந்த நினைவாக இன்றும் இரவில் அங்கே தேவாலயக் கோபுரத்திலிருந்து காவலர் குரல் கொடுக்கிறார். நம்மூர் மாங்காய்ப் பூட்டு ஒன்று கைவசம் இருந்திருந்தால் இவ்வளவு கூச்சலும் தேவைப்பட்டிருக்காது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். நோர்ட்லிங்கன்காரர்கள் 579 வருடம் முந்திவிட்டார்கள்.

இலக்கணத்தில் இதன் இடம் எது? கோட்டையை வளைப்பதைத் தொல்காப்பியர் உழிஞைத் திணையில் வைக்கிறார். உழிஞை, மருதத்துக்குப் புறம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றுகிற நேரமாகப் பார்த்துக் கோட்டையைச் சுற்றக் கிளம்புகிறவனுக்குத் திரும்பி வந்ததும் என்ன நேரும் என்பதை அவர் எப்போதோ வகுத்து வைத்துவிட்டார். ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை 1767இல் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். 1783இல் பிடித்தார்கள், மங்களூர் ஒப்பந்தப்படி 1784இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1790இல் மறுபடி எடுத்து, 1792 ஒப்பந்தத்தில் நிரந்தரமாக்கிக் கொண்டார்கள். வாடகை சைக்கிள் எடுத்து விடுகிற மாதிரிதான் நடந்திருக்கிறது.

வாடகை சைக்கிள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வாய்வாளர் முதன்முதலில் இந்த மலையடியில் சைக்கிள் விட்டது குரங்குப் பெடலில். மணிக்கு ஐம்பது பைசா. கடைக்காரர் நோட்டில் நேரம் எழுதிக்கொள்வார், அப்பா பெயரையும் எழுதிக்கொள்வார். பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கமாகப் போனால் வண்டி தானாகவே ஒரு திசைக்கு இழுக்கும். அந்த வயதில் வலமா இடமா என்பதை முடிவு செய்தது ஹேண்டில்பார்தான்.

இனி மூலக் கேள்வி. கோயிலையும் மலையையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும்; வணங்கும் பொருள் நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களைக் கேட்டால் இதில் விவாதமே இல்லை. ஆனால் நாம் சாலையில் இடப்பக்கம் போகிற தேசம். மலையை வலமாகச் சுற்றுகிற சைக்கிள்காரன் ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதாவது எதிரே வருகிற மினி பஸ், ஷேர் ஆட்டோ, தக்காளி ஏற்றிய வேன் அனைத்தையும் குறுக்கே வெட்டித்தான் புண்ணியம் சேர்க்க முடியும். அப்பிரதட்சணமாகப் போனாலோ எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். ஒரு வண்டியையும் குறுக்கிட வேண்டாம். சாஸ்திரம் சொல்வது ஒரு திசை, சாலை விதி தாங்குவது மறு திசை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. இடப்பக்கம் ஒதுங்கி வலமாகப் போகிறவன் சாலையின் வெளிவிளிம்பில் போகிறான். இடமாகப் போகிறவன் உள்விளிம்பில். இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டர் என்று வைத்தால், முழுச் சுற்றில் வலம் வருகிறவன் சுமார் 19 மீட்டர் கூடுதலாக மிதிக்கிறான். மலை எவ்வளவு பெரிதானாலும் இந்த 19 மாறாது. 14 கிலோமீட்டர் திருவண்ணாமலைக்கும் அதே 19தான். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு தட்டைச் சுற்றிக் கயிறு வைத்துப் பார்க்கலாம். எட்டரைச் சக்கர உருளல், பக்திக்கு நாம் கட்டும் வரி.

இப்போது நோர்ட்லிங்கனைப் பாருங்கள். அங்கே சாலையில் வலப்பக்கம் போகிறார்கள். மதிலை வலமாகச் சுற்றினால் எல்லாத் திருப்பமும் சுலபமான பக்கம், உள்விளிம்பு, வரி கிடையாது. ஆகமப்படியும் குற்றமில்லை, போக்குவரத்துப் போலீஸும் சும்மா இருப்பார். சைக்கிளில் கிரிவலம் வருவதற்கென்றே அமைந்த தேசம் ஜெர்மனி என்பதும், அது அவர்களுக்கே தெரியாது என்பதும் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. இருசக்கர வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் டிரைசும் அந்த நாட்டுக்காரர்தான். 1817 ஜூன் 12 அன்று மன்ஹைமிலிருந்து புறப்பட்டு ஏழு கிலோமீட்டர் போய்த் திரும்பினார். அந்த வண்டிக்குப் பெடல் கிடையாது; காலால் தரையை உதைத்து உருட்டிக்கொண்டே போக வேண்டும். அவரும் நேராகப் போய் நேராக வந்தார், எதையும் சுற்றவில்லை.

களப்பணி மூன்று நாள் நடந்தது. முதல் நாள் வலம். இரண்டு முறை லாரி ஹாரன், ஒரு முறை வசவு. இரண்டாம் நாள் இடம். கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டிக் கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏப்பா, என்ன இப்படிச் சுத்துற? வீட்ல யாருக்கும் ஏதும் ஆயிருச்சா?" என்றார். லாரி ஹாரனே தேவலை. ஆடிக்காற்று வேறு. சுற்றுப்பாதையில் எதிர்க்காற்றும் பின்காற்றும் சரிக்குச் சரியாகிவிடும் என்பார்கள். அப்படி ஆகாது, எதிர்க்காற்றில் பறிபோனதைப் பின்காற்று ஒருநாளும் முழுசாகத் திருப்பித் தராது.

மூன்றாம் நாள் எந்தப் பக்கம் கிளம்பினேன் என்பதை ஆய்வு நேர்மை கருதி வெளியிடவில்லை. மலைக்குப் பின்னால் முத்தழகுபட்டிப் பக்கம் டீ குடிக்க இறங்கினேன். செபஸ்தியார் திருவிழாவில் ஊருக்கே கறிச்சோறு போடுகிற இடம் என்பதால் வெறும் டீக்கே அங்கு ஒரு கம்பீரம் உண்டு. வண்டியைப் பூட்டினேன். திரும்பி வந்தால் சாவி இல்லை. டீக்கடைக்காரர் யாரையோ கூப்பிட்டார். வந்தவர் கையில் குடைக்கம்பித் துண்டு. பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பியை விட்டு ஒரு திருகு. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் திறந்துவிட்டது.

"நம்மூருப் பூட்டு இல்லண்ணே இது" என்றார், கம்பியைத் துடைத்துக்கொண்டே. வெளியூரில் வாங்கியதை ஒப்புக்கொண்டேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதைத் திறந்ததற்குக் காசு வாங்கினால் தொழிலுக்கு அசிங்கமாம்.

நின்ற இடம் ஏறத்தாழச் சரிபாதி. எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு ஒரே தூரம். இவ்வளவு ஆராய்ந்த பிறகு இப்படி ஓர் இடத்தில் வந்து நிற்பேன் என்று எண்ணவில்லை. "எப்படிப் போனா நல்லதுண்ணே?" என்று அவரையே கேட்டேன்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க. உருட்டிக்கிட்டே போங்க."