தலைக்கு 207 ரூபாய்

செப்டம்பர் 8 வந்தால் எழுத்தறிவு தினப் பேரணி. 1967 முதல் உலகமே கொண்டாடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் உலகில் இன்னும் 73 கோடிக்கு மேல் என்கிறது யுனெஸ்கோ. மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பேரணிக்கு ஆள் பஞ்சம் இப்போதைக்கு வராது.

நம் அரசாங்கங்கள் சும்மா இருந்தன என்று சொன்னால் நாக்கு அழுகும். பெயர் வைப்பதில் அவை சோர்ந்ததே கிடையாது. 1978-இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம், 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம், 2009-இல் சாக்ஷர் பாரத், 2020-இல் கற்போம் எழுதுவோம், 2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். நடுவில் அறிவொளி இயக்கம் என்று ஒன்று நிஜமாகவே வீதிக்கு வந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் அரிச்சுவடியோடு சைக்கிளும் கற்றார்கள். படித்தவள் வீட்டை விட்டுக் கிளம்பியும் விடுவாள் என்று தெரிந்ததும் மேலே இருப்பவர்களுக்கு ஆர்வம் வடிந்துவிட்டது போலும்.

இப்போதைய திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 207 ரூபாய். மதுரை ஒத்தக்கடையில் குடும்பத்தோடு டிபன் சாப்பிடக் காணாத காசில் பாரதம் படித்து முடிக்கப்போகிறது! சொல்லித்தருகிறவருக்குச் சம்பளமா? தன்னார்வலரய்யா அவர், சரஸ்வதி என்ன சம்பளமா வாங்கினாள்? ‘வயதுவந்தோர் கல்வி’ என்ற பெயரும் ‘அனைவருக்கும் கல்வி’ ஆகிவிட்டது. அனைவருக்கும் என்றால் அனைவருமில்லை. 95 சதவீதம் தொட்டாலே முழு எழுத்தறிவு என்று கல்வி அமைச்சகம் அளவு வைத்திருக்கிறது. மளிகைக்காரர் 950 கிராமைக் கிலோ என்று நிறுத்தால் தராசைப் பிடுங்குவார்கள். விடுபடும் ஐந்தில் களையெடுக்கிறவளும் சித்தாளும் இருப்பார்களே தவிர, அமைச்சர் வீட்டுப் பிள்ளை இருக்காது.

தேர்வும் உண்டு: வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. நூற்றைம்பதும் வாங்கி, சான்றிதழோடு வெளியே வருகிற அம்மாச்சி என்னத்தைப் படிப்பாள்? வட்டிக் கணக்கைக் கடன் பத்திரத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். சரி, கோர்ட்டுத் தீர்ப்பையாவது படிப்பாளா? ஒத்தக்கடைக்குப் பக்கத்து உலகநேரியில் 2004 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அங்கே வாதம் ஆங்கிலம், தீர்ப்பும் ஆங்கிலம். தமிழிலும் நடக்கட்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டெல்லி ஒப்பவில்லை. இத்தனைக்கும் அங்கே பக்கத்திலிருக்கும் யானைமலைக் குகையில் தங்கிய துறவிகள் பெயரை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் வெட்டிவைத்திருக்கிறார்கள். வெட்டியவர்களுக்கு எந்த அமைச்சகம் அனுமதி கொடுத்ததோ!

ஆக, தன் அரை ஏக்கர் வழக்கில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதை மட்டும் நூற்றைம்பது மார்க் அம்மாச்சியால் படிக்க முடியாது. வக்கீலைக் கேட்டால் சொல்வார். அதற்கு 207 ரூபாய் காணாது.