உப்புநீர்க் கணக்கர்

கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவரை மீன் பிரியர் என்று ஊர் சொல்கிறது. உண்மையில் அவர் வளர்ப்பது தண்ணீரை. மீன்கள் அந்தத் தண்ணீருக்குச் சாட்சி சொல்ல வந்தவை. கொளத்தூரில் தொட்டி வாங்கி வந்தபின் நாலைந்து வாரம் அதில் ஒரு மீன்கூட இருக்காது. கேட்டால், "சைக்கிள் ஓடிக்கிட்டிருக்கு" என்பார். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற அவ்வளவு நாள் பிடிக்கும் என்பது மெய்தான். ஆனால் கண்ணுக்கே தெரியாத குடித்தனக்காரருக்காக ஒரு மாதம் விளக்கெரித்துக் காத்திருப்பவரை வண்ணத்துக்கு மயங்கியவர் என்று எப்படி நம்புவது? லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. இவை அவருடைய ராகு காலம், எமகண்டம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. எனவே தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிச் சமன் செய்வார். சித்திரை வெயிலில் தொட்டிக்குச் சில்லர் உண்டு. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் முதலில் தொட்டி மோட்டாருக்கு, மாமனாரின் மின்விசிறிக்கு அப்புறம்.

மெரினா பக்கத்தில் இருக்க, ஒரு குடம் மொண்டு வந்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கரையோர நீரில் கழிவு கலந்திருக்கும் என்பது அவர் சொல்லும் காரணம், நியாயமானதும்கூட. சொல்லாத காரணம், கடல் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். இவருக்கு அங்கே வேலையில்லை. அப்படியானால் விலை உயர்ந்த மீன் எதற்கு என்பது வலுவான ஆட்சேபம். 2003இல் நீமோ படம் வந்ததிலிருந்து கோமாளி மீன் இல்லாத தொட்டியைக் குழந்தைகள் தொட்டியாகவே மதிப்பதில்லை என்பது ஒரு பதில். அவரோ அந்த மீனிலும் அழகைப் பேசமாட்டார். கூட்டத்தின் பெண் இறந்தால் மூத்த ஆண் பெண்ணாக மாறும் என்று விருந்தாளியின் பிள்ளைக்கு விளக்கி, படத்தின் கதையையே கெடுத்துவிடுவார். மீன் மேல்மூச்சு வாங்கினாலும் அவர் கை முதலில் சோதனைக் குழாயைத்தான் தேடும்.

இதைக் கல்நெஞ்சம் என்பது எனக்கு உடன்பாடில்லை. பவளப்பாறையில் உப்பும் வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. சின்னத் தொட்டியிலோ ஒரு மத்தியானத்தில் தலைகீழாகும். மீன்மேல் மட்டும் பாசம் வைத்து அள்ளி அள்ளித் தீனி போடுபவர் வீட்டில்தான் தொட்டி சீக்கிரம் காலியாகிறது. இவர் வீட்டு மீன்கள், யாரும் கொஞ்சாமலே, பல வருஷம் இருக்கின்றன. வந்தவர் எவராவது, "இதெல்லாம் குழம்புக்கு ஆகுமா?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது. தொட்டிக்குள் கை விட்டால்தான் வரும்.